கணையம் போடும் கணக்கு

மதுரையில் எந்த டீக்கடையிலும் மாஸ்டர் கிளாஸில் இரண்டு கரண்டி சீனியைப் போட்டுத்தான் டீயை ஆற்றுவார். "அண்ணே, சீனி கம்மியா" என்று சொல்ல மறந்தால் அவ்வளவுதான். அந்த இரண்டு கரண்டியும் சேர்ந்து ஒன்பது, பத்து கிராம் வரும். வளர்ந்த ஒரு மனிதரின் உடம்பில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. வெறும் வயிற்றில் அந்த ரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் சர்க்கரை எவ்வளவு? டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் நாலரை கிராம். உச்சி முதல் உள்ளங்கால் வரை சேர்த்து ஒரே ஒரு டீஸ்பூன்.

இந்த ஒரு டீஸ்பூனை வைத்துத்தான் படைத்தவன் நம்மை நடமாட விட்டிருக்கிறான். மூளைக்கு மட்டும் நாளொன்றுக்கு 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். மணிக்கு 5 கிராம். ரத்தத்தில் இருப்பது மூளையின் ஒரு மணி நேரச் செலவுக்கே காணாது. ஆனாலும் ராத்திரி எட்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் தூங்கி, காலையில் பேர், ஊர் எல்லாம் ஞாபகத்தோடுதான் எழுந்திருக்கிறோம். கல்லீரல் தன்னிடம் இருக்கும் நூறு கிராம் சேமிப்பிலிருந்து விடிய விடிய அளந்து விட்டுக்கொண்டே இருக்கிறது. நாம் கேட்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை.

இதற்கு நேர்மாறான சோதனையும் தினம் நடக்கிறது. ராத்திரி இரண்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை மேலே ஊற்றி ஊறவைத்துச் சாப்பிடுகிறோம். 60, 70 கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது. மைதா குடலில் உடைந்தால் குளுக்கோஸ்தான். நாலரை கிராம் இருந்த இடத்துக்கு அதைப்போலப் பதினைந்து மடங்கு சர்க்கரை வந்து இறங்குகிறது. நியாயப்படி ரத்தம் பாகாகிவிட வேண்டும். ஆரோக்கியமான உடம்பில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை. 90 இருந்த அளவு 130, 140 வரை ஏறும். இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய இடத்துக்கே இறங்கி நிற்கும். மீனாட்சி கோயில் கோபுரங்களை அண்ணாந்து பார்த்து வியக்கிற நாம், அந்தக் கோபுர நிழலில் உட்கார்ந்து சாப்பிடும்போது நமக்குள் நடக்கும் இந்த வேலையை ஒரு நிமிடமாவது நினைத்துப் பார்க்கலாம்.

வேலை செய்வது இரைப்பைக்குப் பின்னால் படுத்த வாக்கில் இருக்கும் கணையம். ஒரு சாண் நீளம்கூட இருக்காது; எடை நூறு கிராமுக்குள். அதில் பெரும்பகுதி செரிமான நீர் சுரக்கிறது. 1869-ல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மருத்துவ மாணவர் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்தத் திசுவுக்குள் வேறு மாதிரியான சின்னச் சின்ன செல் கூட்டங்கள் திட்டுத் திட்டாகத் தெரிந்தன. அவை எதற்கென்று தமக்கு விளங்கவில்லை என்று ஒளிக்காமல் எழுதிவைத்தார். ஒரு மனிதருக்கு அப்படிச் சுமார் பத்து லட்சம் திட்டுகள். எல்லாவற்றையும் வழித்தெடுத்தாலும் இரண்டு கிராம் தேறுவது கஷ்டம். வாழ்நாள் முழுக்கச் சர்க்கரைக் கணக்கைப் பார்ப்பது இந்த இரண்டு கிராம்தான்.

அங்கே இருக்கும் பீட்டா செல் ஒவ்வொன்றும் தானே அளக்கிறது, தானே முடிவெடுக்கிறது. குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைந்து எரிகிறது. எரிந்து வரும் ஆற்றல் ஏற ஏற, செல்லின் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் பாதை அடைபடுகிறது. உடனே சுவரின் மின்னழுத்தம் மாறுகிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது. ஆயிரக்கணக்கில் தயாராக இருக்கும் நுண்பைகளில் சில வெடித்து இன்சுலினை ரத்தத்தில் கொட்டுகின்றன. சர்க்கரை குறைந்ததும் எல்லாம் பின்வாங்கி நிற்கிறது. கொட்டிய இன்சுலினும் நீடிப்பதில்லை, ஐந்தாறு நிமிடத்தில் பாதியாகிவிடும். நீண்ட நேரம் நிற்கும் மருந்தாக அது இருந்திருந்தால் சாப்பாடு தாமதமான நாளெல்லாம் மயங்கி விழுந்திருப்போம். 51 அமினோ அமிலங்கள் கோத்த அந்தச் சின்ன மூலக்கூறின் வரிசையைக் கண்டுபிடிக்க ஃபிரெடரிக் சாங்கருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1958-ல் நோபல் பரிசும் கிடைத்தது. குழந்தையின் கணையத்துக்கு அந்த வரிசை பிறக்கும் முன்பே தெரியும்.

இன்னொன்றும் உண்டு. உணவு குடலைத் தொட்டவுடனே, சர்க்கரை ரத்தத்தில் கலப்பதற்கு முன்பே, குடல் சுவரிலிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பிக் கணையத்தை உஷார்ப்படுத்துகிறது. இன்று எடை குறைக்க ஊசியாகப் போட்டுக்கொள்ளும் மருந்துகள் அந்தக் குடல் ஹார்மோனைப் பார்த்து எழுதிய நகல்கள்தாம்.

இன்சுலின் சுரந்தால் மட்டும் போதாது, சர்க்கரையை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும் பங்கை வாங்குவது தசை. சர்க்கரையை உள்ளே கடத்தும் புரதங்கள் தசைச் செல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. இன்சுலின் வந்து தொட்டால் செல்லின் மேற்பரப்புக்கு ஏறி வருகின்றன. இங்கே படைப்பின் கருணை ஒன்று இருக்கிறது. தசை சுருங்கி விரிந்தாலே போதும், இன்சுலின் தொடாவிட்டாலும் அந்தப் புரதங்கள் மேலே வரும். இன்சுலினுக்கு உடம்பு சரியாகச் செவிசாய்க்காத நோயாளிக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். நிதானமாக நடந்தாலும் கால் மணி நேரம். சாப்பிட்ட அரை மணிக்குள் அந்த ஒரு சுற்று நடந்தால், அது மருந்துக் கடையில் விற்காத மருந்து. விடியற்காலை ஐந்து மணிக்குத் தெப்பக்குளத்தில் நாலு சுற்று வேகமாக நடந்துவிட்டு, திரும்பும் வழியில் நாலு இட்லி, ஒரு வடை, ஒரு காபி என்று கணக்கை நேர் செய்கிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

இந்தக் கணக்கு எப்போது தொடங்குகிறது? நாற்பது வயதில் சுகர் வந்தது என்கிறோம். உண்மையில் தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது. மூன்றாம் மாதம் முடிவதற்குள் கருவின் கணையத்தில் இன்சுலின் செல்கள் தோன்றிவிடுகின்றன. தாயின் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. அதனால் தாய்க்குச் சர்க்கரை கூடினால் பிள்ளையின் கணையம் அந்தப் பாரத்தைத் தானே சுமக்கிறது. பிள்ளை கொழுத்துப் பிறக்கிறது, பிரசவம் சிக்கலாகிறது, வளர்ந்த பிறகு அதற்கும் சுகர் வரும் வாய்ப்பு கூடுகிறது. கர்ப்ப காலத்தில் தாயின் உடம்பு இன்சுலினுக்குக் கொஞ்சம் அசைந்து கொடுக்காமல் இருப்பதும் இயற்கையின் ஏற்பாடுதான். பிள்ளைக்குச் சர்க்கரை தட்டாமல் கிடைக்க வேண்டும் அல்லவா? அந்த ஏற்பாட்டை ஈடுகட்ட முடியாத தாய்க்குத்தான் கர்ப்பகால நீரிழிவு.

இதில் உலகத்துக்கே வழி சொன்னவர் சென்னை டாக்டர் வீ. சேஷய்யா. வெறும் வயிற்றோடு வா, மூன்று முறை ரத்தம் கொடு என்றால் கிராமத்துக் கர்ப்பிணி வரமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். சாப்பிட்டிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடு. இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை பார். 140-ஐத் தொட்டால் கவனி என்றார். தமிழ்நாட்டில் 2007 முதல் கர்ப்பிணிகள் அனைவருக்கும் இந்தச் சோதனை உண்டு. அவர் பிறந்த மார்ச் 10-ஐ நாடு கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகிறது. வளைகாப்புக்குச் சித்ரான்னம் ஏழு வகை கட்டுகிற ஊரில், அந்த ஒரு தம்ளர் குளுக்கோஸ் தண்ணீரைத்தான் முதல் சீர் என்று நான் சொல்வேன்.

கணக்கு தாயின் வயிற்றிலேயே தொடங்குகிறது என்பதற்குப் பிரிட்டனில் ஒரு சாட்சி கிடைத்தது. அங்கே போர்க்கால சீனி ரேஷன் 1953 வரை நீடித்தது. ரேஷன் இருந்தபோது கருவானவர்களையும் அது முடிந்த பிறகு கருவானவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2024-ல் வந்தது. வயிற்றிலும் முதல் இரண்டு வயதிலும் சீனி குறைவாகப் பெற்றவர்களுக்கு, அறுபது வயதை ஒட்டிய காலத்தில் நீரிழிவு வருவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. வந்தவர்களுக்கும் சுமார் நான்கு ஆண்டு தள்ளியே வந்தது. பேசத் தெரியாத வயதில் நாக்குக்குக் காட்டிய இனிப்பை உடம்பு அறுபது ஆண்டு ஞாபகம் வைத்திருக்கிறது. பால் பாட்டிலில் சீனி போடும் பாட்டிகளுக்கு இதை யாராவது பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவு வேறு கதை. அதில் பெற்றோர் செய்த தவறு எதுவும் இல்லை; மிட்டாய் தின்றதால் வருவதும் இல்லை. உடம்பைக் காக்கும் படையே பீட்டா செல்களைப் பகை என்று நினைத்து அழித்துவிடுகிறது. படுக்கையை நனைக்கும் பழக்கம் விட்டுப்போன பிள்ளை மறுபடி நனைக்க ஆரம்பித்தால், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தால், நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால், அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். வாந்தியும் வயிற்றுவலியும் வந்து, மூச்சு ஆழமாக வாங்கினால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. "திருஷ்டி" என்று மந்திரித்துக்கொண்டிருந்த இரண்டு நாளில் கைவிட்டுப் போன பிள்ளைகள் உண்டு.

1922 ஜனவரி 11-ம் தேதி, டொராண்டோ மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். எலும்பும் தோலுமாகக் கிடந்தான். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. ஆய்வுக் குழுவில் இருந்த உயிர்வேதியியலாளர் காலிப் சுத்திகரித்துக் கொடுத்த மருந்தை 23-ம் தேதி போட்டபோது பிழைத்தான். அதற்குப் பிறகு 13 ஆண்டு வாழ்ந்தான். 1921-ல் இன்சுலின் ஆய்வைத் தொடங்கிய ஃபிரெடரிக் பேண்டிங் பிறந்த நவம்பர் 14 இன்று உலக நீரிழிவு நாள். நமக்கு அதுவே குழந்தைகள் தினம். பேண்டிங்கும் கூட்டாளிகளும் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த மருந்து வெயில் தாங்காது. மதுரைச் சித்திரை வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். ஃபிரிட்ஜ் இல்லாத வீடு ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறது. அங்கே இன்சுலின் குப்பியைப் பாலிதீன் உறையில் சுற்றி, சின்னக் கலயத்தில் போட்டு மூடி, அந்தக் கலயத்தை ஈர மணல் நிரப்பிய பெரிய பானைக்குள் இறக்கி, நிழலான மூலையில் வைக்கிறார்கள். காலை மாலை மணலில் ஒரு சொம்பு தண்ணீர் தெளித்தால் போதும். மண்ணின் நுண்துளை வழியே தண்ணீர் ஆவியாகப் போகும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போகிறது. மானாமதுரை மண்பானைக்குள் டொராண்டோவின் மருந்து குளிர்ந்திருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பாடம் நடுவே எழுந்து ஒன்றுக்குப் போகவும், பையிலிருந்து எதையாவது எடுத்துச் சாப்பிடவும் டீச்சர் விட வேண்டும். பாரம்பரிய மருந்து என்று சொல்லி இன்சுலினை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

இளவட்டங்களுக்கு வருவோம். நம் பிள்ளைகள் ஒல்லிதானே, நமக்கென்ன என்று ஒரு நினைப்பு. புனேயில் டாக்டர் சி.எஸ். யாஜ்னிக் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்தார். ஆங்கிலேயக் குழந்தையைவிட நம் குழந்தை முக்கால் கிலோவுக்கு மேல் குறைவு. ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்ததெல்லாம் தசையில். சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் தசை கம்மியாகவே நம் பயணம் தொடங்குகிறது. அதனால்தான் வெள்ளைக்காரருக்கு 25 என்று வைத்த உடல் நிறை எல்லையை நமக்கு 23 என்று வைத்தார்கள். ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் கல்லீரலைச் சுற்றிக் கொழுப்பு படிகிறது என்று அர்த்தம். நடப்பதோடு இளவட்டங்கள் கொஞ்சம் பாரமும் தூக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது தசைக்காகத்தான். கர்லா சுற்றிய, இளவட்டக்கல் தூக்கிய ஊர் இது. ஜிம்முக்கு இங்கே புதிதாகப் பெருமை ஒன்றும் வேண்டியதில்லை.

மதுரைக்குத் தூங்கா நகரம் என்று பட்டம். நள்ளிரவு இட்லியும் ஒரு மணி கறி தோசையும் நமக்குப் பெருமை. ஆனால் கணையத்துக்கு இரவு பகல் தெரியும். பொழுது சாய்ந்த பிறகு அதே இட்லிக்கு அது கொடுக்கும் பதில் மந்தமாகிறது. ஒரே ஓர் இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கினாலும் மறுநாள் இன்சுலினுக்கு உடம்பு சரியாக மசிவதில்லை. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலும் லாரி செட்டிலும் ராத்திரி வேலை பார்ப்பவர்களுக்கு வேறு வழியில்லை. அவர்கள் பெரிய சாப்பாட்டைப் பொழுதோடு முடித்துக்கொள்வது நல்லது. கையில் போனோடு இரண்டு மணி வரை விழித்திருப்பவர்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1895-ல் பெரியாறு அணை முடிந்து, மேற்கே பாய்ந்த தண்ணீர் வைகைப் பக்கம் திரும்பியபோது மேலூர், வாடிப்பட்டிச் சமவெளியெல்லாம் நெல்லாயிற்று. அந்தத் தண்ணீர் எட்டாத பேரையூர், தே. கல்லுப்பட்டிக் கரிசலில் குதிரைவாலி நின்றது. இன்று டாக்டர் சொல்லி, பட்டணத்துக்காரர்கள் குதிரைவாலியைத் தேடிப்போய் வாங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் குதிரைவாலியிலும் மாவுச்சத்துதான் இருக்கிறது. தீட்டித் தீட்டி வெள்ளையாக்கி, கோபுரமாகக் குவித்துச் சாப்பிட்டால் அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. தட்டில் காயும் பருப்பும் கூடி, சோறு குறைய வேண்டும். தானியத்தின் பெயர் அப்புறம். கருப்பட்டி போட்ட பருத்திப்பாலும் சீனி போட்ட பாலும் கணையத்துக்கு ஒன்றுதான். ஜிகர்தண்டாவைப் பற்றி எழுதினால் ஊருக்குள் நடமாட முடியாது. வருடத்துக்கு இரண்டு முறை, சின்ன கிளாஸ்.

நடுவயதில்தான் பாக்கி வசூலுக்கு வருகிறது. மதுரைக்காரர்களுக்குப் பிட்டுக்கு மண் சுமந்த கதை சொல்லவே வேண்டாம். ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். வந்திக் கிழவியிடம் உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்ற சொக்கன், வைகைக் கரைக்கு மண் சுமக்காமல் ஆடிப் பாடிப் படுத்துத் தூங்கிவிட்டான். பாண்டியன் பிரம்பால் ஓங்கி அடித்தான். ஓர் உடம்பில் விழுந்த அடி ஊரில் எல்லார் முதுகிலும் விழுந்தது. சொக்கனுக்கு அது திருவிளையாடல். நாம் பிட்டைத் தின்றுவிட்டு மண் சுமக்காமல் தூங்கினால், அடி கணையத்தில் விழுந்து கண், சிறுநீரகம், இதயம், கால் என்று எல்லா இடத்திலும் வலிக்கிறது. வலிக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது. பல ஆண்டு வரை தெரியவே தெரியாது.

தெரியாத காலத்திலும் உடம்பு குறிப்பு எழுதிக்கொண்டுதான் வருகிறது. ரத்தச் சிவப்பணு 120 நாள் வாழ்கிறது. வாழ்நாளெல்லாம் சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுகிறது. ஹெச்பிஏ1சி என்ற சோதனை படிப்பது அதைத்தான். டெஸ்டுக்கு முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்து டாக்டரை ஏமாற்றுகிறவர்களை இது காட்டிக்கொடுத்துவிடும். 6.5-ஐத் தொட்டால் சுகர், 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை. ரத்தசோகை இருந்தால் இந்தக் கணக்கு தப்பலாம், ஆகவே நம் பெண்களுக்கு வெறும் வயிற்று அளவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. அதில் 126 எல்லை; 100-க்கு மேல் போனாலே உஷாராக வேண்டும். 2023-ல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் எச்சரிக்கை நிலையில். தமிழ்நாட்டில் நூறு பெரியவர்களில் 14 பேருக்கு மேல். முப்பது வயது ஆனவர்கள், வீட்டில் யாருக்காவது இருந்தால் அதற்கும் முன்பே, ஒரு முறை பார்த்துக்கொள்வதில் வெட்கம் என்ன?

எச்சரிக்கை நிலையில் இருப்பவரைத் திருப்ப முடியுமா என்று சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்துப் பார்த்து 2006-ல் எழுதியது. சும்மா விடப்பட்டவர்களில் மூன்றே ஆண்டில் நூற்றுக்கு 55 பேர் முழு நோயாளி ஆனார்கள். நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் மட்டும் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களுக்கு அந்த ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவுதான். அதாவது செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புவது ஒரு மாத்திரைக்குச் சமம்.

வந்துவிட்டது என்றாலும் எல்லாம் முடிந்துபோகவில்லை. பிரிட்டனில் 2017-ல் வெளியான ஆய்வில், சுகர் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள் டாக்டர் கண்காணிப்பில் எடையை நன்றாகக் குறைத்தபோது, ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே அளவு கீழே வந்தது. கணையத்திலும் கல்லீரலிலும் படிந்த கொழுப்பு வடிந்ததும், செத்துவிட்டன என்று நினைத்த பீட்டா செல்கள் மறுபடி வேலையில் இறங்கின. கைவிட்டவனைக் கைவிடாத படைப்பு இது. எடை திரும்ப ஏறினால் நோயும் திரும்பும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் மதுரையில் சுகரைப் பற்றிப் பேச முடியாது. உடம்பில் கத்தி வைக்காமல் ரத்தக்குழாயை நேரே பார்க்கக்கூடிய அரிய இடம் விழித்திரை. கண் பாப்பாவின் வழியாக வெளிச்சத்தைச் செலுத்திப் பார்த்தால், ஆரஞ்சு நிறத் தளத்தில் மெல்லிய சிவப்புக் கிளைகள் பிரிந்து ஓடுவது தெரியும். நீரிழிவு முதலில் அங்கே ஊசிமுனைச் சிவப்புப் புள்ளி வைக்கிறது. பிறகு மஞ்சள் கசிவு. நோயாளிக்குப் பார்வை அப்போதும் தெளிவாகவே இருக்கும். "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதே சார்" என்று வாதாடுவார். மங்கத் தொடங்கும்போது நேரம் பெரும்பாலும் கடந்திருக்கும். சுகர் என்று தெரிந்த அன்றே ஒரு முறை, அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைக் காட்ட வேண்டும் என்பது இதனால்தான்.

மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகியவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1976-ல் 11 படுக்கையோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நாற்பது ஆண்டு கழித்து, விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லக் கூகுள் ஆய்வாளர்கள் கணினிக்குக் கற்றுக்கொடுத்தபோது, அதற்குப் படம் தந்த மருத்துவமனைகளில் அரவிந்தும் ஒன்று. 2019-ல் அந்தக் கணினி மதுரையிலேயே நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படங்களைக் காட்டிப் பழக்கிய பிறகுதான் அதற்கு அந்தச் சிவப்புப் புள்ளி பிடிபட்டது. மனிதன் கட்டிய கருவியைப் பார்க்கப் பார்க்க, கண்ணைப் படைத்தவன் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

முதுமைக்கு வேறு அளவுகோல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறார்கள். மேலூர்ப் பக்கத்துக் கிராமத் திண்ணையில் இந்தக் காட்சி சகஜம்.

"அப்பத்தா, விரலை நீட்டுங்க."

"நேத்துக் கல்யாண வீட்டுல கேசரி தின்னேன் தாயி, கூடத்தான் காட்டும். அதை எழுதாத."

மெஷின் 190 காட்டுகிறது. தன்னார்வலர் எழுதிக்கொள்கிறார். பிறகு அவர் கேட்கும் கேள்விதான் முக்கியம்: "காலையில சாப்பிடாம மாத்திரையைப் போட்டீங்களா? தலை சுத்துச்சா? வேர்த்துச்சா?"

எண்பது வயதில் 190-ஐவிடப் பயப்பட வேண்டியது 50-க்கு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டு, பசியில்லை என்று ஒரு வாய்க் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளும் கிழவிக்குச் சர்க்கரை சடாரென்று இறங்கும். விழுந்து இடுப்பெலும்பு முறியும். அதனால்தான் பல நோயோடு இருக்கும் முதியவருக்கு ஹெச்பிஏ1சி 7 என்று டாக்டர்கள் பிடிவாதம் பிடிப்பதில்லை, 8 வரை விட்டுக்கொடுக்கிறார்கள். நடுக்கம், வேர்வை, உளறல் வந்தால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். சஷ்டி விரதம், அமாவாசை விரதம் இருப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மாத்திரையின் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

கடைசியாகக் கால். பல ஆண்டு சர்க்கரையில் பாதத்தின் நரம்பு மரத்துப்போகிறது. சித்திரைத் திருவிழாவில் வெயிலேறிய கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு நிற்கும் பெரியவருக்குச் சூடே உறைக்காது. வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அதிலிருந்து புண், புண்ணிலிருந்து அறுவை என்று போய்விடுகிறது. பிரகாரத்தில் தென்னை நார் விரிப்பு போட்டிருந்தால் அதன் மேலேயே நடக்க வேண்டும். கோயிலுக்கு வெளியே செருப்பில்லாமல் ஓர் அடிகூட வேண்டாம். வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, கண் தெரிந்தவர் ஒருவர் பார்த்துவிட வேண்டும். மத்தியான வெயிலில் அம்மனைப் பார்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விடியற்காலை திருவனந்தலுக்குப் போகலாம். கல் குளிர்ந்திருக்கும், கூட்டமும் கம்மி.